நாரை தண்ணீர் குடித்த வாரம்

மாரித்தின் வீட்டில் ஒரு பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அது ஓர் ஆளின் பெயர் அல்ல, ஒரு படகின் பெயர். நாரை.

நாரை சின்னப் பாய்மரப் படகு. பச்சை வண்ணம், பழுப்புப் பாய், நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். மாரித்துக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே அதில் உட்காரத் தெரியும். ஏழு வயதில் அவள் சுக்கான் பிடித்தாள். லாங்வேர் ஏரியில் எந்த மூலையில் காற்று அடங்கும், எந்த மூலையில் திடீரென்று திரும்பும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஆனால் நாரை இப்போது அவர்களுடையது இல்லை.

அப்பா விப்ரன் சொந்த வேனில் சாமான் ஏற்றிப் போகும் வேலை செய்தவர். ஒரு நாள் யாரோ ஒருவருடைய துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. இயந்திரம் பிழைத்தது, அப்பாவின் முதுகு பிழைக்கவில்லை. பதினோரு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை.

வேன் கடனுக்குக் கட்டும் தவணை நின்றுபோயிற்று. வாடகை நின்றது. எரிவாயுக் கட்டணம் நின்றது. கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. கதவுத் துளை வழியாக விழுந்த கடிதங்களை அம்மா ஹிஸ்கா பிரிக்காமலேயே ரொட்டி டப்பாவில் போட்டு மூடினாள். டப்பா நிரம்பி, ரொட்டி வைக்க இடமில்லாமல் போனபோதுதான் இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் உதவி கேட்டார்கள்.

அங்கே ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் வாங்கும் சம்பளம் நேராக அலுவலகத்துக்குப் போய்விடும். அவர்கள் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். வீட்டுச் செலவுக்கு வாரத்துக்குத் தொண்ணூற்றைந்து யூரோ வரும். மூன்று வருடம் இப்படி ஒழுங்காக இருந்தால் எல்லாம் தீரும். ஆனால் கடன் இருக்கும் வீட்டில் படகு இருக்கக் கூடாது. வேனும் போனது, நாரையும் போனது.

அதை வாங்கியவர் தூரத்து நகரத்தில் இருந்து வந்த ஒருவர். இலையுதிர் காலத்தில் ஒரு தரகர் மூலம் வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துவிட்டார். தரகரிடம் படகைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. அவர் இல்லாத நேரத்தில் அம்மா பிள்ளைகளிடம் மெல்லச் சொன்னாள்:

"கொஞ்ச நாளைக்கு அப்பா முன்னாடி அந்தப் பேச்சு வேணாம், சரியா?"

கொஞ்ச நாள் என்பது ஆறு மாதமாகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தை அவர்கள் உருளைக்கிழங்கைக் கொண்டே கடந்தார்கள். கடை மூடும் நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் காய்களை அம்மா வாங்கி வருவாள். ஒரே சூப் மூன்று நாள் வரும். முதல் நாள் அதற்குப் பெயர் பட்டாணி சூப். மூன்றாம் நாள் தம்பி யெல்லே அதை "பழைய நண்பர்" என்று கூப்பிடுவான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சூப் மாரித்துக்குக் கஷ்டமாக இல்லை. வகுப்பில் எல்லோரும் சனிக்கிழமை ஏரியில் என்ன செய்தோம் என்று பேசும்போதுதான் கஷ்டமாக இருந்தது. அப்போது அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பாள். அவளுடைய பென்சில்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன.

மே மாதம் வந்தது. ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டு சைக்கிளில் வந்தபோது, படகுத்துறையில் பச்சையாக ஒன்று தெரிந்தது. மாரித் பிரேக் போட்டு நின்றாள்.

நாரைதான். கொட்டகையில் இருந்து தண்ணீருக்கு வந்திருந்தது. சேணத்தைப் பார்த்த குதிரை மாதிரி அவள் நெஞ்சு குதித்தது. அடுத்த நொடியே அடங்கிப்போனது. நாரை சரியாக மிதக்கவில்லை. தண்ணீர்க் கோட்டுக்கு மேல் ஒரு சாண் இருக்க வேண்டிய வெள்ளைப் பட்டை காணவே காணோம். பின்பக்கம் தாழ்ந்து, யாரோ கண்ணுக்குத் தெரியாத குண்டு மனிதர் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்தது. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் இருந்தால் மரப்பலகை காய்ந்து சுருங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை போல இடைவெளி விழும். தண்ணீரில் இறக்கிய முதல் வாரம் அதன் வழியே தண்ணீர் உள்ளே வரும். பலகை அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பும். உப்பியதும் இடைவெளி தானே மூடிக்கொள்ளும். அதுவரை காலையும் மாலையும் கைப்பம்பு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மே மாதமும் அப்பாவும் அவளும் முறை போட்டு அடிப்பார்கள். புதுச் சொந்தக்காரருக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

படகுத்துறையைப் பார்த்துக்கொள்பவர் ஆன்ட்யா. பாலத்தைத் தூக்கி இறக்குவதும் அவர்தான். மாரித் அவருடைய கண்ணாடி அறைக்குள் போய் விஷயத்தைக் கேட்டாள். ஆன்ட்யா உதட்டைப் பிதுக்கினார். படகை சனிக்கிழமை இறக்கினார்களாம். ஞாயிற்றுக்கிழமையே சொந்தக்காரர் கணுக்கால் வரை நனைந்துபோய் நின்றாராம். தன்னை ஏமாற்றி ஓட்டைப் படகை விற்றுவிட்டதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். வெள்ளிக்கிழமை கிரேன் வந்து படகை வெளியே தூக்கும். பிறகு அதை யார் கேட்டாலும் கொடுத்துவிடப் போகிறாராம்.

"தூக்கிட்டா இன்னும் காஞ்சு போயிடுமே, அக்கா," என்றாள் மாரித். "அப்புறம் நெஜமாவே ஓட்டையாயிடும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா அவர் காது குடுத்தாத்தானே? உங்க வீட்டு ஆளுங்க மேல செம கோவத்துல இருக்காரு."

மாரித் வீட்டுக்கு வந்தாள். முதுகு தேறியபின் சேர்ந்த பால்பண்ணை வேலையில் இருந்து அப்பா இன்னும் வரவில்லை. யெல்லே வாசலில் உட்கார்ந்து காலணியின் நாடாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"யார் கேட்டாலும் குடுப்பாரா?"

"ஆமா."

"அப்ப மூழ்கட்டும். நாம போய்க் கேட்கலாம்."

மாரித் அவனுடைய நாடாவைக் கட்டிவிட்டாள். அவளுக்கும் வரும் வழியெல்லாம் அதேதான் மனதில் ஓடியது. மூழ்கிப்போன படகு யாருக்கு வேண்டும்? நாமே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னும் இரண்டரை வருடத்துக்கு அவர்கள் வீட்டில் படகு இருக்கக் கூடாது, இலவசமாக வந்தாலும் கூடாது. அதோடு, நாரை சேற்றில் கிடக்கிற காட்சியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம்முடையதாக இல்லாவிட்டாலும் அது மிதக்க வேண்டும் என்று தோன்றியது.

"அது மூழ்கக் கூடாது, யெல்லே," என்றாள்.

"நம்மளோடது இல்லையே."

"இல்லைதான்."

மறுநாள் காலை பள்ளிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே ஆன்ட்யாவின் அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை வரை தான் பம்பு அடிக்கலாமா என்று படகுச் சொந்தக்காரரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். ஆன்ட்யா தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கம் இருந்து வந்த பதில் கண்ணாடி வழியாகவே கேட்கும் அளவுக்குச் சத்தமாக இருந்தது. ஆன்ட்யா போனை வைத்துவிட்டு, "என்ன வேணா செஞ்சுக்கட்டும்னு சொல்றாரு," என்றார். பிறகு ஒரு மிதவை அங்கியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதைப் போட்டுக்கோ. நான் ஜன்னல்லேருந்து பார்த்துட்டே இருப்பேன்."

ஆறு மாதத்துக்குப் பிறகு மாரித் நாரைக்குள் கால் வைத்தாள். தண்ணீர் கெண்டைக்கால் வரை சில்லென்று இருந்தது. பின்னிருக்கைக்கு அடியில் பம்பின் கைப்பிடி இருந்தது. அதைத் தேடவே இல்லை, கை தானாகப் போனது.

முதல் நாள் காலை நானூற்றுப் பத்து முறை அடித்தாள். வகுப்பில் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. மாலையில் முந்நூற்றெண்பது. புதன்கிழமை காலையில் இருநூற்றறுபது. அடித்த கணக்கை ஒரு அட்டையில் எழுதி, நனையாமல் இருக்க ரொட்டிப் பையில் சுற்றி, பாய்மரத்தில் கட்டிவைத்தாள். அதன் மேலே பெரிய எழுத்தில், "பயப்படாதீர்கள். இது ஓட்டை இல்லை. படகு தண்ணீர் குடிக்கிறது," என்று எழுதியிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை நூற்றைந்து. வெள்ளைப் பட்டை முழுதாக வெளியே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விட்டு வந்தபோது, பெரிய உடம்புக்காரர் ஒருவர் துறையில் நின்று அந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். தரையில் நிற்கும்போதே மிதவை அங்கி போட்டிருந்தார். பக்கத்தில் கிரேன் ஓட்டுபவர், வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் ஒரு சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தார்.

"நீதான் பம்பு அடிச்ச பொண்ணா?"

"ஆமாங்க."

"இன்னிக்குக் காலைல எத்தனை?"

"நாப்பதுதான். அதுக்கு மேல தண்ணி வரலை."

அவர் குனிந்து படகுக்குள் எட்டிப் பார்த்தார். பலகை ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. கிரேன்காரரைப் போகச் சொல்லிவிட்டு, அங்கே இருந்த கட்டையில் உட்கார்ந்தார்.

அவர் பெயர் ரூலாஃப். முப்பத்தொன்பது வருடம் ரயில் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, எங்கே திரும்பும் என்று தெரியும். இந்தத் தண்ணீர் மட்டும் தன்னை முட்டாளாக்குகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். இறக்கிய அன்றைக்கே பாலத்துத் தூணில் மோதியதையும், காபிக் கடையில் இருந்தவர்கள் கைதட்டியதையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு பர்ஸை எடுத்து இருபது யூரோத் தாளை நீட்டினார்.

மாரித் அந்தத் தாளைப் பார்த்தாள். இருபது யூரோவுக்கு எத்தனை சூப் என்று அவளுக்குத் தெரியும். கை நீள நினைத்தது.

"வேணாம் ஐயா. இது எங்க படகா இருந்துச்சு," என்றாள். "அதான் எனக்குத் தெரியும்."

ரூலாஃப் தாளை மடித்து உள்ளே வைத்தார்.

"உங்கப்பாவையா நான் ஊரெல்லாம் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றார். "வீடு எங்க இருக்கு?"

வீட்டில் அன்று சூப்பின் இரண்டாம் நாள். கதவைத் திறந்த அப்பா, அவர் யாரென்று தெரிந்ததும் அப்படியே நின்றார். ரூலாஃப் வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். மாரித் நான்கு நாளாகச் செய்ததை எல்லாம் சொன்னார். அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். திட்டு விழும் என்று நினைத்தாள்.

"மன்னிப்பு நான்தான் கேட்கணும்," என்றார் அப்பா. "விக்கும்போதே இதைச் சொல்லியிருக்கணும். அன்னிக்கு எனக்கு வாயே வரலை." பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "இடது பக்கம் மூணாவது பலகைதானே? அதுதான் எப்பவும் கடைசியா மூடும். நாரைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிவாதம்."

அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றது. யெல்லே கண்ணை அகல விரித்து மாரித்தைப் பார்த்தான். அப்பா பெயரைச் சொல்லிவிட்டார்.

ரூலாஃப் உள்ளே வந்து சூப் குடித்தார். இரண்டாம் கிண்ணமும் கேட்டார். பழைய நண்பர் ஆவதற்கு முன்பே சூப் தீர்ந்துவிட்டது என்று யெல்லே வருத்தப்பட்டான். ரூலாஃப் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைகளில் தனக்குப் படகு ஓட்டச் சொல்லித்தர முடியுமா? அப்பாவின் முகத்தில் ஆசையும் வலியும் மாறி மாறி வந்ததை மாரித் பார்த்தாள். பிறரின் படகில் உட்கார்வது சுலபம் இல்லை, அதிலும் நேற்று வரை சொந்தமாக இருந்த படகில்.

"காத்து நல்லா இருந்தா, நாளைக்கே வரேன்," என்றார் அப்பா.

மறுநாள் காற்று நன்றாக இருந்தது. அப்பாவோடு மாரித்தும் ஏறிக்கொண்டாள். பாலத்தை இந்த முறை ரூலாஃப் மோதாமல் கடந்தார். காபிக் கடையில் யாரும் கைதட்டவில்லை. அதில் அவருக்குச் சிறு ஏமாற்றம்கூட இருந்தது. ஏரிக்கு வந்ததும் அப்பா பாயை ஏற்றினார். நாரை ஒருபக்கம் சாய்ந்து, பழைய மாதிரியே சலசலவென்று பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மாரித் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தால் காற்றின் மேல் பழி போடலாம்.

சாயங்காலம் துறையில் இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டும். நாரை இங்கேயே இருக்கும். அது அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு உள்ளே ஒரு மூலையில் வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

மதியத்துக்கு மேல் ரூலாஃப் மெல்ல அவள் தோளைத் தட்டி முன்பக்கம் காட்டினார். அப்பா முன்பலகையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்தது. வெயிலில் நன்றாகத் தூங்கிவிட்டார்.

"அங்க கரை வருதே," என்றார் ரூலாஃப் கிசுகிசுப்பாக. "திருப்பணுமில்ல? எழுப்பட்டுமா?"

"வேணாம்," என்றாள் மாரித். "சுக்கானை என்கிட்ட குடுங்க."

அவள் காற்றைப் பார்த்தாள். ஒரு பெரிய மூச்சு எடுத்தாள். பாய் மறுபக்கம் சாய்ந்தது கூடத் தெரியாதபடி, அப்பாவின் கை தண்ணீரில் இருந்து எழாதபடி, அவ்வளவு மெதுவாகப் படகைத் திருப்பினாள்.