கண்ணாயிரம் சொல்லிச் செய்த மாண்டலின்

மரக்காணத்தில் பழைய உப்புக் கிடங்கு ஒன்றில்தான் சக்கரபாணி ஆசாரி மாண்டலின் செய்துகொண்டிருந்தார். அனுமந்தையிலிருந்து உப்பளக் கரையோடு நடந்து திரௌபதி அங்கே வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. உள்ளே பலாமரத் தூளும் அரக்கும் மணத்தன.

எழுபத்திரண்டாம் வருடக் கார்த்திகைப் புயலுக்கு முதல் நாள் கட்டுமரம் ஏறிப் போனவன் அவள் புருஷன் கண்ணாயிரம். மாசி பிறந்துவிட்டது. உடம்பு எங்கும் ஒதுங்கவில்லை. இந்த வாரமே கருமாதி வைத்துத் தாலியை வாங்கிவிடுவது என்று ஊரார் முடிவு கட்டிவிட்டார்கள். புயலில் தாலியிழந்தவர்கள் கணக்கில் இவளையும் சேர்த்தாகிவிட்டது. இவள்தான் சேர மறுத்தாள்.

"மாண்டலின முடிச்சு வைங்க ஆசாரி. அவரே வந்து வாங்கிக்குவாரு."

"முடிஞ்சிடுச்சும்மா," என்றார் ஆசாரி, அவள் முகத்தைப் பாராமல். "ஆனா நான் மீட்டிப் பாக்கல. செய்யச் சொன்னவங்க கைதான் மொதல்ல படணும். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

கண்ணாயிரத்தின் இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். சுறா வெட்டும்போது போனது. கடையில் வாங்கிய மாண்டலினில் அந்த விரல் கம்பியைச் சரியாக அழுத்தாது. கலியாணமான புதிதில் அவளுக்காக அவனே ஒரு மெட்டுக் கட்டியிருந்தான். வாசிக்கும்போது நடுவில் ஓரிடத்தில் சத்தம் செத்துப்போகும். அவள் சிரிப்பாள். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அந்த ரோஷத்தில்தான் ஆசாரியிடம் வந்து கையை நீட்டி அளவு கொடுத்து, அந்த விரலுக்கும் கம்பி எட்டும்படி மாண்டலினின் கழுத்துப் பகுதியைச் சன்னமாக இழைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

"ஒரு தரம் பாக்கட்டுங்களா?"

"உள்ள மாட்டியிருக்கேன். ஜன்னல் இல்லாத ரூம்பு. இரு, விளக்கு ஏத்தறேன்."

ஆசாரி தீக்குச்சி கிழித்தார்.

உள்ளே ஒரு கம்பி அதிர்ந்தது.

எரிந்த குச்சி ஆசாரியின் விரலைச் சுட்டது. அவர் அதை உதறக்கூட இல்லை. "உள்ள யாருமில்லியே," என்று கிசுகிசுத்தார். "நான் சுருதிகூட சேக்கலியே..."

பிறகு அந்த மெட்டு வந்தது.

கூடவே ஈரக் கயிற்றின் வாடையும் வந்தது. திரௌபதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் செத்துப்போகும் இடம் நெருங்கியது.

சாகவில்லை.

தெளிவாக ஒலித்து, கடந்து போனது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் கொடுமை. "வந்துட்டியா?" என்று ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். ஆசாரி பின்னாலேயே விளக்கோடு வந்தார். ஆணியில் மாண்டலின் தொங்கியது. கம்பிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே தரை நனைந்திருந்தது. அந்த அறைக்கு வேறு கதவு கிடையாது.

உயிரோடு இருக்கிறவன் வாசல் வழியாக வந்திருப்பான். பசிக்குது என்றிருப்பான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஈரத்திலேயே உட்கார்ந்து, இத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் தாலியைத் தானே கழற்றி முந்தானையில் முடிந்தாள். "நாலு பேரு கூடி அறுக்க வேணாங்க," என்றாள். ஆசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாண்டலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். உப்புப் பாத்தி மிதித்துவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்த விருத்தாம்பாள், இவர்கள் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டவள், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக் கூவினாள்.

"அடியே திரௌபதி! வந்துட்டானாடி? ஒன் தாலி கெட்டிடி! ஏண்டி இப்படி நனைஞ்சி வர்றான்? நீ பாட்டுக்கு முன்னால போறியே, கையப் புடிச்சிக் கூட்டினு போடி!"

திரௌபதி திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினாள்.