பின் அறையில் சேனாபதி

சேனாபதி கட்டிலில் மல்லாந்து கிடந்தார்.

கழுத்து வரைக்கும் போர்வை. கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

அவரைக் கொன்றவன் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கூடப்பிறந்த தம்பி தீபக்.

வண்டி ஒரு பழைய மோட்டார் ஹோம். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. சேனாபதி ஆசை ஆசையாய் வாங்கியது. கோபிச்செட்டிபாளையத்துத் தோட்டத்தை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று காலையில் அண்ணன் அடம்பிடிக்க... தம்பி கையில் ஸ்பேனர் இருந்தது. அவ்வளவுதான்.

வீடு இருக்கும் ஃபிரிஸ்கோவை விட்டு மேற்கே, ஆளில்லாத இடமாய்ப் பார்த்துப் புதைத்துவிட வேண்டும். அதுவரை யார் கண்ணிலும் படக் கூடாது.

டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்தது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இன்னொரு குலுக்கு. என்ஜின் உயிரை விட்டது!

ஃப்ரீவே ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். சாவியைத் திருப்பினான்.

கர்... கர்... கர்...

ம்ஹூம்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். தீபக்கின் கனம் எண்பது கிலோ.

கண்ணாடியில் ஒரு கார் தெரிந்தது. பின்னால் வந்து நின்றது. போலீஸா...?

இல்லை. வேட்டி கட்டிய ஒருவரும் ஒரு மாமியும் இறங்கி வந்தார்கள்.

"இது சேனாபதி வண்டியாச்சே... நீ அவர் தம்பி தீபக்தானே? நான் பிச்சுமணி, பிளானோ. இவ என் ஆத்துக்காரி காமாக்ஷி. அபிலீன்ல பொண்ணாத்துக்குப் போயிண்டிருக்கோம். என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க அங்கிள். வண்டியை இழுத்துட்டுப் போக டோ ட்ரக் கூப்பிட்டிருக்கேன். நீங்க கிளம்புங்க."

"இந்த அத்துவானத்துக்கு அவன் வர்றதுக்குள்ள நீ வத்தலாயிடுவே. நகரு, பார்க்கறேன். அண்ணா எங்கே?"

"வீட்லதாங்க. இப்பக்கூட ஃபோன்ல பேசினேன். நல்லா இருக்கார்."

வெளியே நின்று பானட்டைத் திறந்து பார்ப்பார், போய்விடுவார் என்று தீபக் நினைத்தான். நினைப்பில் மண்! இந்த வண்டிக்கு என்ஜின் மூடியே உள்ளேதான். முன் சீட் இரண்டுக்கும் நடுவில்.

பிச்சுமணி படியேறி உள்ளே வந்தார். பின்னாலேயே காமாக்ஷி.

பின் அறைக் கதவு நாலு எட்டு வைத்தால் வந்துவிடும்.

"ரெஸ்ட் ரூம் பின்னாடிதானேப்பா?" என்றாள் காமாக்ஷி.

"அது... அடைச்சுக்கிச்சுங்க ஆன்ட்டி. திறந்தா நாறும்."

பிச்சுமணி மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "பட்டுனு நின்னுதா, திக்கித் திக்கி நின்னுதா?"

"திக்கித் திக்கி."

"பெட்ரோல்?"

"பாதி டேங்க் இருக்குங்க."

"அப்ப வேப்பர் லாக்தான். சூட்டுல பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாயிடறது. பம்ப் எதை இழுக்கும்? என் அம்பாசடர்ல எத்தனை தடவை பார்த்திருக்கேன். ஈரத்துணி சுத்தினா சரியாயிடும். இரு, உள்ளே போர்வை ஏதாவது இருக்கும்..."

எழுந்து போனார். அவர் கை பின் அறைக் கதவின் பிடியைத் தொட்டது.

"அங்கிள், வேண்டாம்!"

குரல் கீச்சென்று வந்தது. தீபக் போட்டிருந்த டீ-ஷர்ட்டைக் கழற்றி நீட்டினான். "இதை... இதை எடுத்துக்குங்க."

பிச்சுமணி அவனை ஒரு மாதிரி பார்த்தார். வாங்கி நனைத்து பம்பின் மேல் சுற்றினார். காத்திருந்தார்கள். வெறும் முதுகில் வியர்வை வழிந்தது தீபக்குக்கு.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

கர்... கர்... ட்ர்ர்ர்...

உயிர் வந்தது. வண்டிக்கும் வந்தது, தீபக்குக்கும் வந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். நான் கிளம்பறேன்."

இறங்கித் தொலையுங்களேன், இறங்கித் தொலையுங்களேன் என்று அடித்துக்கொண்டது மனசு.

படியில் கால் வைத்த காமாக்ஷி திரும்பினாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"சனிக்கிழமையும் அதுவுமா வழியில நின்னுட்டே. அனுமார் கோயில் வடைமாலைப் பிரசாதம். எடுத்துக்கோப்பா."

கை நீண்டது. பாதியில் நின்றது. சாவு விழுந்த வீட்டுக்காரன் சாமிப் பிரசாதத்தைத் தொடலாமா? சின்ன வயதில் அம்மா ஊட்டிய பயம் முந்திக்கொண்டது.

"வேண்டாங்க ஆன்ட்டி... தீட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

"அடடா... யாருப்பா தவறினா?"

"ஊர்ல... பங்காளி ஒருத்தருங்க."

"பங்காளியா? எங்க வம்சத்துல நானும் தம்பியும் ரெண்டே பேர்தான் மிச்சம்னு உங்கண்ணா போன வாரம்கூட கோயில்ல சொன்னாரே..."

அவள் பேச்சு தேய்ந்து நின்றது. கணவனைப் பார்த்தாள். அவர் பின் அறைக் கதவைப் பார்த்தார்.

பிச்சுமணி கை நீட்டி என்ஜினை அணைத்தார். சாவியை வேட்டியில் முடிந்துகொண்டார். போய்க் கதவைத் திறந்தார்.

காமாக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சீட்டில் சரிந்தாள்.

எழுந்து ஓடலாமென்றால் சுற்றிலும் வெறும் பொட்டல். தீபக் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பிச்சுமணி போலீஸ் எண்ணான நைன் ஒன் ஒன்னுக்குப் பேசி முடித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணனைக் கொல்றச்சே வராத பயம்... ஒரு வடையைப் பார்த்ததும் வந்துடுத்தாப்பா?"