கங்காவுக்குக் கொடுத்த மாத்திரை

கங்காவின் கம்மல் இரண்டும் தலையணையில் கிடந்தன. திருகு கழலவில்லை. செங்கமலம் குனிந்து மகளின் காதைப் பார்த்தாள். மூன்று வயதில் குத்திய துளை, இருந்த இடமே தெரியாமல் தூர்ந்திருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷத்துக் கோடை வடக்குப்பட்டு ஊரைக் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வாடிய வேப்பிலையின் கசப்பு வாடை, மஞ்சள் தண்ணீரின் வாடை, இவற்றுக்கு நடுவே எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத, காய்ந்த தோசைக்கல்லைப் போன்ற இன்னொரு வாடை. நேற்றுவரை அந்த ஏழு வயது உடம்பு முழுக்க முத்து முத்தாக இருந்த அம்மை, ஒன்று பாக்கியில்லாமல் மறைந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள், கம்மலையும் காதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அம்மை போட்ட வீட்டில் மருந்து கூடாது. வாசலில் வேப்பிலை கட்டிய அவள் புருஷன் ராஜாமணி அதில் ரொம்பக் கறார். அதனால் அவனுக்குத் தெரியாமல், இருவரும் வேலை செய்யும் மருந்துக் கம்பெனியின் மாத்திரையை அவள் நாலு நாளாக, தினம் ஒன்றாக, மோரில் கரைத்துக் கொடுத்தாள். வைரஸை உடம்பே அடித்து விரட்டத் தெம்பு ஏற்றும் மாத்திரை. தினம் ஒன்றுக்கு மேல் கூடாது என்று சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார். "மீறுனா, தன்னுதில்லாத எதையும் ஒடம்பு வுட்டுவைக்காதும்மா."

மகளின் கையைப் பிடித்தாள். விரல் பட்ட ஐந்து இடங்களும் சிவந்து தடித்தன.

"எரியுது," என்று கங்கா கையை உதறினாள்.

"யோவ், இங்க வாய்யா!"

ராஜாமணி ஓடி வந்தான். மகளின் புஜத்தில் தடுப்பூசித் தழும்பைக் காணோம். அவன் முகம் வெளுத்தது.

"ஆத்தா கோவிச்சிக்கினா, கமலம். நம்ம கம்பெனி மாத்திரய எளநீல கலந்து குடுத்துட்டேன். நீ வுடமாட்டேன்னு உனக்குச் சொல்லல."

"எத்தினி?"

"தினம் ரெண்டு."

"அய்யோ, நானும் குடுத்துக்கினு இருந்தேன்யா!"

கங்கா எழுந்து உட்கார்ந்தாள். இருவரையும் பார்த்தாள். பயமில்லை. கோபமில்லை. தெரிந்தவர்களைப் பார்க்கும் பார்வையே இல்லை.

"நீங்க யாரு?"

செங்கமலம் அலறியபடி மகளை வாரி அணைத்தாள். பெற்ற மகள். விடமாட்டேன். அணைத்த இடமெல்லாம் கொதித்தது. தடித்தது. சின்ன உடம்பு வில்லாக வளைந்து அவளைத் தள்ளியது. சட்டை மேலேறியது.

செங்கமலத்தின் கைகள் தாமாக விட்டுவிட்டன.

பிஞ்சு வயிறு. ஒரு சுருக்கம் இல்லை. தொப்புள் இருந்த இடத்தில், தோல் வழுவழுவென்று மூடிக் கிடந்தது.