ஒரு போர்வை, இரண்டு பேர்

எங்கள் வீட்டில் "இப்போது யாருடைய முறை?" என்று எவரும் கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நாங்கள் மூவர் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றுதான். எட்டு வீடுகளுக்கும் நாள் பிரித்த அட்டவணை கதவில் தொங்குகிறது. அதன்முன் நின்று மற்றவர்கள் வாதாடுவார்கள். நாங்கள் பெயரைப் பார்த்துவிட்டு மௌனமாகத் திரும்புவோம்.

காரணம், மூவரில் ஒருவனான சுபேசன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவனும் நண்பன் ஜெனுசனும் பெருவிலிருந்து பொலிவியாவுக்குக் கிடைத்ததிலேயே மலிவான பேருந்தில் போனார்கள். வெப்பமூட்டி இல்லை. நாலாயிரம் மீட்டருக்கும் மேலே கணவாய். இருவருக்கும் சேர்த்துச் சந்தையில் வாங்கிய ஒரே கம்பளிப் போர்வை. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பேச்சு. ஜெனுசனின் கைக்கடிகாரம் மணிக்கொருதரம் ஒலித்து முறையை அறிவிக்கும். விடிந்தபோது ஜெனுசன் விறைத்திருந்தான். உயரம் கொன்றது என்றார் மருத்துவர். ஜெனுசன் தன் முறை வந்தபோது உறங்கிவிட்டான், எழுப்ப மனம் வரவில்லை என்றான் சுபேசன். கடிகாரத்தை அவிழ்க்காமலே தகனம் செய்தார்கள்.

அந்தக் கடிகாரம் எங்கள் கூடத்தில் ஒலிக்கிறது.

ஒலித்ததும் சுபேசனின் தோளிலிருந்து அதே போர்வை நழுவி, எதிரேயுள்ள வெற்று நாற்காலியில் போய்ப் படியும். அடுத்த ஒலி வரை அவன் நடுங்குவான். வேறு எந்தக் கம்பளியும் அந்தக் குளிரைத் தணிப்பதில்லை. ஒருநாள் எங்களோடு இருக்கும் தக்ஷிகா விளையாட்டாக, பாத்திரம் கழுவுவது யார் முறை என்று கேட்டாள்.

மாலைக்குள், உறைபனி கடித்ததுபோல், சுபேசனின் இரு விரல்நுனிகள் கறுத்துப்போயின.

சென்ற பெப்ரவரியில், ஒரு ஞாயிறு பிற்பகல், ஜெனுசனின் தங்கை மதுஜா சூரிச்சிலிருந்து வந்தாள். அவள் வருவதை அறிந்த தக்ஷிகா, எங்கள் வழக்கத்தையும் அதன் காரணத்தையும் தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தாள்.

"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்றாள் தக்ஷிகா.

"வேண்டாம் அக்கா. கதைச்சிட்டுப் போறன்."

உடைந்த கைபேசி ஒன்றை மதுஜா மேசைமேல் வைத்தாள். "அண்ணாவின்ர. பொலிவியாப் பொலிஸ் போன மாசம்தான் அனுப்பினது. அம்மாவுக்கு எழுதி, அனுப்பப்படாமல் ஒரு மெசேஜ் கிடந்தது." வாசித்தாள். "மணிக்கூடு மூண்டு தரம் அடிச்சிட்டுது. சுபேசன் முழிச்சுத்தான் இருக்கிறான். போர்வையைத் தரேல்லை."

கடிகாரம் ஒலித்தது.

போர்வை சுபேசனை விட்டு நழுவியது.

"தந்திருந்தா நான் செத்திருப்பன்," என்றான், பற்கள் கிட்ட.

"ஓம். அதை அம்மாட்டைச் சொல்லுங்கோ. அதுக்குத்தான் வந்தனான்."

"அவ தாங்கமாட்டா."

"நீங்கள் நல்லாத் தாங்கியிருக்கிறியள்."

மதுஜா எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் முழுவதும் சுபேசனின் பற்கள் மோதும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் உறைபனி ஏறியது. ஈரக் கம்பளியும் டீசலும் கலந்த நாற்றம் அறையில் பரவியது.

கடிகாரம் மீண்டும் ஒலித்தது. போர்வை திரும்பி வந்தது. சுபேசன் அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். வெளிறிய முகத்தில் நிறம் திரும்பியது.

"அம்மாட்டைச் சொல்லுவியளோ, இல்லையோ?"

"இல்லை," என்றான். கண்களை மூடிக்கொண்டான்.

மதுஜா அவனைப் பார்க்கவில்லை. வெற்று நாற்காலியின் மேலே, ஒருவர் மூச்சுவிடும் உயரத்தில், வெண்ணிற ஆவி மெல்ல எழுந்து கலைந்தது.

தக்ஷிகா அவள் கையைப் பற்றினாள். "மதுஜா, வேண்டாம்."

மதுஜா கையை விடுவித்துக்கொண்டு நாற்காலியின் பக்கம் குனிந்தாள்.

"அண்ணா, இப்ப ஆரின்ர முறை?"