நாற்பத்திமூன்று சிவப்புக் கோடுகள்

“அக்கா, பேரு பெரியாளாயிட்டா எழுத்து சின்னதாயிடுமா?”

ஆரம்பாக்கத்தில் விக்டோரியாவிடம் டியூஷன் படிக்கும் பூமிகா ஒருநாள் இப்படிக் கேட்டாள். பழைய புத்தகத்தின் அட்டையில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியின் பெயர் முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது. புதியதில் முதலெழுத்து மட்டும் பெரிது. அன்று விக்டோரியா சிரித்துவிட்டாள்.

இன்று சிரிப்பு வரவில்லை... கும்மிடிப்பூண்டி உருக்காலையில் அவள் பொறுப்பில் இருக்கும் பதிவேடு முழுக்கச் சிவப்புக் கோடுகள்! உலையை நடத்தும் ஃபோர்ட்ரான் நிரலில் கைவைத்தவர்கள் நாற்பது ஆண்டுகளாகக் காரணம் எழுதிக் கையெழுத்திட்ட வரிகள் அதில் இருந்தன. முன்னவர் எழுதியதை யாரும் அடிப்பதில்லை. அது அங்கே வழக்கம். திங்கட்கிழமை தணிக்கை. அடித்தல் இருந்தால் அவளுக்கு வரவிருக்கும் நிரந்தர வேலை போயிற்று.

“இன்னா சார் பண்ணி வெச்சிக்கீறீங்க?”

பதிவேட்டைப் படிக்க வாங்கிப்போன புதிய பொறியாளர் பார்த்திபன், மழையில் நனைந்த சட்டையோடு விழித்தான். அவளுக்குத்தான் எவ்வளவு பெரிய கண்கள்... எவ்வளவு கோபம்!

“ஃபோர்ட்ரான் பேரு முழுக்கப் பெரிய எழுத்துல, தப்பா இருந்திச்சு. நாப்பத்திமூணு இடம். திருத்திட்டேன்.”

“தப்பா? தொண்ணூறாம் வருசத்துக்கு முன்னால அப்படித்தான் சார் எழுதுவாங்க! செத்துப்போன மனுசன் எழுதுனதுக்கு நீங்க மார்க் போடுவீங்களா?”

“சாரிங்க...”

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?”

மழையென்றும் பாராமல் வெளியே நடந்தாள். யாரோ செய்த தவறுக்கு அவள் வேலையா போகவேண்டும்? இது என்ன நியாயம் ஆண்டவரே!

திங்கட்கிழமை தணிக்கையாளர் பக்கம் புரட்டினார். கடைசியில் ஒரு புது வரி... ‘சிவப்புக் கோடுகள் என் அறியாமை. அந்தந்தக் காலத்தில் அந்தந்த எழுத்தே சரி. பொறுப்பாளர் மீது குற்றமில்லை. பார்த்திபன்.’

அவள் வேலை நிலைத்தது. அவனுக்குத்தான் தண்டனை. கோட்டுக்கு ஒரு விளக்கத் தாள், மறுநாளே வேண்டும்.

மாலை ரயிலடியில் தயங்கித் தயங்கி வந்தான்.

“விக்டோரியா... நீங்க திட்டுனதுலேர்ந்து வேற எதுவும் காதுல விழல. எனக்கு... உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு.”

“திட்டு வாங்கிக்கினு லவ்வா? ஐயே... போங்க சார்!”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அவன் பார்த்துவிட்டால்?

மறுநாள் முதல் ரயிலிலேயே வந்தாள். அலுவலகத்தில் யாருமில்லை. ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு உட்கார்ந்தாள். எந்த வரி எந்த ஆண்டு, யார் எழுதியது... எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இரண்டிரண்டு வரியாக நாற்பத்திமூன்று தாள்களையும் தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, அவன் மேசையில் வைத்தாள்.

பிறகு வாசலுக்குப் போய் நின்று, எட்டரை மணிக் கூட்டத்தோடு அப்போதுதான் வருகிறவளைப் போல உள்ளே நுழைந்தாள்.