ஆறு மணிக்கு முடிந்த சந்தா

டிங்!

மாடிப்படியின் அடியில் பிணமாகக் கிடந்தவளின் போனில் மெசேஜ் வந்து விழுந்தது.

'உங்களை மிஸ் செய்கிறோம்! இன்றே சந்தாவைப் புதுப்பித்தால் நாற்பது சதவீதம் தள்ளுபடி!'

இன்ஸ்பெக்டர் குனிந்து திரையைப் படித்தார்.

"செத்தவளுக்குத் தள்ளுபடியா... ச்சீ!"

காலை மணி பத்தரை. பிணத்தின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை. அணிந்தவர் விழுந்தால் வீட்டாரின் போனுக்குத் தகவல் அனுப்பும் பட்டை; சந்தா கட்டினால்தான் வேலை செய்யும்.

"எனக்கு எந்தத் தகவலும் வரலை சார்..." கணவன் விசும்பினான். கையில் பாதி கடித்த பிஸ்கட்! "வாக்கிங் போய்ட்டுப் பத்து மணிக்கு வந்து பார்த்தா இப்படிக் கிடக்கறா. சந்தா முடியப்போகுதுன்னு இந்தப் பட்டைக் கம்பெனிக்காரங்க ஒரு வார்த்தை சொல்லலை!"

இன்ஸ்பெக்டர் வரவழைத்திருந்த பட்டைக் கம்பெனி மேனேஜர், பின்னால் நின்ற புரோகிராமர் பெண்ணை முன்னால் தள்ளினார்.

"ஏழு நாள், மூணு நாள், ஒரு நாள் முன்னாடி எச்சரிக்கை மெயில் தானா போகணும். செட் பண்ணது இவதான் சார்! கேஸை இவ மேலயே போட்டுக்குங்க. வேலையை விட்டு இப்பவே தூக்கிட்டேன்!"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, மெயில் போச்சா இல்லையா?"

"மூணும் போச்சு சார். இவர் முகவரிக்குத்தான். மூணையும் திறந்திருக்கார்..."

"அளக்கறா சார்!" கணவன் எகிறினான். "காலைல ஆறு மணிக்கே பட்டை செத்துப் போச்சு. இப்ப வந்து பூசி மெழுகறா!"

அவள் நிமிர்ந்தாள்.

"ஆறா...? பட்டை இன்னும் ஓடிட்டிருக்கே சார்!"

இன்ஸ்பெக்டர் கணவனைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான். சர்வர் கடிகாரம் வேற நாட்டு நேரம். நம்ம நேரத்துக்கு மாத்தாமலே மெயில்ல ஆறுன்னு போட்டுட்டேன். தள்ளுபடி மெசேஜும் அதனாலதான் முந்திக்கிச்சு. நிஜமா முடியறது பதினொன்றரை மணிக்கு! ஆறுங்கறது அந்த மூணு மெயிலைத் தவிர வேற எங்கேயும் இல்லை!"

பிஸ்கட் கீழே விழுந்தது.

லேப்டாப்பைத் திறந்தாள்.

"எட்டு அஞ்சுக்கு விழுந்திருக்காங்க. தகவல் இவர் போனுக்குப் போயிருக்கு. போன் ஆஃப். விழறதுக்கு முந்தின ஒரு நிமிஷச் சத்தத்தையும் பட்டை பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்பியிருக்கு..."

தட்டினாள்.

'அவளை என் கட்டிலுக்கே கூட்டிட்டு வந்தீங்களே... த்தூ! கிட்ட வராதீங்க... ஏங்க, தள்ளாதீங்க... ஆ...!'

புரோகிராமர் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜரின் கண்கள் பளபளத்தன.

"சார்... இதை நம்ம விளம்பரத்துல போட்டுக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் அவரைச் சாக்கடையைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு என் முக்கிய சாட்சி. வேலையை விட்டுத் தூக்கின... அப்புறம் இருக்கு உனக்கு!"

விலங்கு மாட்டப்பட்ட கணவன் முனகினான். "எப்ப சார் வெளியில விடுவாங்க?"

"அவசரப்படாதே. ஏழு நாள் முன்னாடி மெயில் வரும்... வழக்கம்போலத் திறந்து படிச்சுக்கோ!"