அம்மா செய்யாத வேலை

"கேட்டியா சேதியை? உன் பொண்ணு உனக்குப் போட்ட மார்க் பூஜ்யமாம்!"

காலையில் அடுப்படிக்குள் நுழைந்ததும் அம்மாவின் நாத்தனார் இப்படித்தான் ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்க இருந்தது. அதற்கு முன்னாலேயே இவள் பொங்கிவிட்டாள்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"போன்ல கூடப் படிக்கிற பொண்ணுகிட்ட சொல்றா... 'எங்கம்மா தாத்தாவைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாங்கல்ல, அது வேலையே இல்ல, பூஜ்யம்'னு! என் காதாலயே கேட்டேன்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. படுக்கையில் விழுந்துவிட்ட மாமனாரால் தானாக நிமிர்ந்து உட்கார முடியாது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பவள் அவள்தான். அதற்காகவே கைநிறையச் சம்பளம் வந்த தபால் அலுவலக வேலையை விட்டாள். வேலையை விட்டுவிட்டுச் செய்கிற வேலை, வேலையே இல்லையாம்! வேறு யார் சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். சொன்னது பெற்ற மகள் அல்லவா?

அதுவும் இன்றைக்குப் பார்த்தா! பதினோராம் வகுப்பில் என்ன பாடம் என்று இன்றுதான் பள்ளியில் சொல்லியாக வேண்டும். மகளுக்கு இயற்பியல் என்றால் உயிர். அப்பாவுக்கோ அவள் கணக்குப்பதிவியல் படித்துத் தன் டயர் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளுக்காக அவரோடு மல்லுக்கு நின்றவள் அம்மா ஒருத்திதான். நேற்றுதான் மனுஷர், "என்னமோ பண்ணுங்க" என்று இறங்கி வந்திருந்தார்.

அந்த அம்மாதான் இப்போது கூடத்துக்கு வந்து சொன்னாள். "நீங்க சொன்னதுதாங்க சரி. அவளுக்கு அந்தப் படிப்பு வேண்டாம்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகள் திகைத்துப்போனாள். "அம்மா...! நீயா இப்படிச் சொல்ற?" அவள் அழ ஆரம்பித்தாள்.

"பெத்தவளைப் பூஜ்யம்னு சொல்றவளுக்கு அந்தப் படிப்பு எதுக்குடி? உனக்காக எத்தனை பேச்சு வாங்கினேன்! நான் செய்யறது வேலையே இல்லன்னா, இன்னிக்கு வேற யாராவது தாத்தாவைப் பிடிச்சுக்குங்க!" சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இதென்ன பிரமாதம்? நான் பிடிக்கிறேன்" என்று அப்பா எழுந்து போய்த் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். நாத்தனார் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள்.

தாத்தா ஒவ்வொரு வாயையும் ரசித்துச் சாப்பிடுகிறவர். கிண்ணம் பாதிகூடக் காலியாகவில்லை, கட்டில் ஆட ஆரம்பித்தது.

"டேய், ஆட்டாதடா! கஞ்சி மூக்குக்குள்ள போகுது!" என்று நாத்தனார் கத்தினாள்.

"அக்கா... கொஞ்சம் சீக்கிரம் குடேன்..."

"அவரு முழுங்க வேண்டாமாடா?"

டயர் தூக்கிப் பழகிய கைகள் கிடுகிடுவென்று நடுங்கின. அழுதுகொண்டிருந்த மகள் அழுகையை மறந்து அந்தக் கைகளையே பார்த்தாள்.

"பாத்தியாம்மா? இதைத்தான் நான் போன்ல கேட்டேன்! நாம தள்ளியோ தூக்கியோ ஒரு பொருள் நகர்ந்தாத்தான் பிசிக்ஸ்ல அதுக்குப் பேரு வேலை. தாத்தா நகரல. அப்போ கணக்குப்படி பூஜ்யம். ஆனா நீ தினம் தோள்ல தைலம் தேய்க்கிறியே... பூஜ்யம்னா அந்த வலி எங்கேர்ந்து வருது? அதைத்தான்மா கேட்டேன்! அத்தை பாதியைக் கேட்டுட்டு ஓடி வந்துட்டாங்க."

அத்தை கரண்டியும் கையுமாக அசடு வழிந்தாள்.

"பூஜ்யமா? எவன் சொன்னான்?" என்று அப்பா மூச்சு வாங்கினார். பிறகு மனைவியைப் பார்த்தார். "தினமும் இப்படியா...? நீ ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே..." என்றாள் அவள். அவரை மெல்ல விலக்கிவிட்டு, மாமனாரைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டாள். கட்டில் ஆட்டம் நின்றது. தாத்தா வாயைத் திறந்தார்.

அம்மாவின் பார்வை மூலையில் டிவி வைத்திருந்த மேசைமேல் போனது.

"ஏன்டி... அந்த மேசையும்தான் டிவியைத் தாங்கிக்கிட்டு வருஷக்கணக்கா நிக்குது. அதுவும் நகர்த்தல, நானும் நகர்த்தல. அதுக்கு வலிக்கலையே, எனக்கு மட்டும் ஏன் வலிக்குது?"

"தெரியலையேம்மா...!" என்று மகள் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

இரண்டு கைகளும் மாமனாரின் தோளில் இருந்ததால் அம்மாவால் அவளை அணைக்க முடியவில்லை. குனிந்து மகளின் உச்சந்தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, கிளம்பு. பிசிக்ஸ்னே சொல்லு" என்றாள். "பதில் தெரிஞ்சதும் முதல்ல எனக்குத்தான் சொல்லணும்."